பைக்குள் ஒரு கை

ஜொகூர் மாநிலத்துத் தம்போயில் ரூபேந்திரனைத் தெரிந்தவர்கள் அவரைப் பற்றி இரண்டு செய்திகள் சொல்வார்கள். ஒன்று, அவருக்குக் கண் தெரியாது. மற்றொன்று, ஆள் மகா கஞ்சன். பேருந்தில் ஏறியது முதல் இறங்குவதுவரை, மார்புக்குக் குறுக்கே தொங்கும் பைக்குள் விட்ட கையை வெளியே எடுக்கவே மாட்டார். முதல் செய்தி உண்மை. இரண்டாவதில், கை பைக்குள் இருந்தது வரைக்கும் உண்மை. ஆனால் அது காசைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை, கைப்பேசியின் திரையைத் தடவிக்கொண்டிருந்தது.

திரை எப்போதும் இருட்டாக இருக்கும். அவரே அப்படி அமைத்து வைத்திருந்தார். தமக்கு உதவாத வெளிச்சத்துக்கு எதற்குத் தீனி போட வேண்டும் என்பது ஒரு காரணம். பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்தால் ஏமாந்து போவார் என்பது இன்னொன்று. விரலை வலப்பக்கம் ஒரு தள்ளுத் தள்ளினால் அடுத்த வரி. இரண்டு தட்டுத் தட்டினால் திறக்கும். போன் வாசிப்பதைக் கேட்க, காதுக்குள் நுழையாமல் காதுக்கு முன்னால் கன்ன எலும்பில் உட்கார்ந்துகொள்ளும் ஒரு கருவி. தொப்பியை இறக்கிவிட்டால் அது இருப்பதே தெரியாது. காதுகள் இரண்டும் ஊருக்குத் திறந்தே இருக்கும். கண்ணில்லாதவன் காதை அடைத்துக்கொண்டால் வீதியைக் கடக்க முடியாது.

வாசிக்கும் வேகம் மூன்று மடங்கு. பழகிய காதுக்கு அது தமிழ். மற்றவர்களுக்குக் கடுகு தாளிக்கும் சத்தம். அந்த வேகமே அவருடைய பூட்டு. அப்படியே கருவி கழன்று போன் உரக்கக் கத்தினாலும், "வரும்போது வெங்காயம் வாங்கிட்டு வாங்க, போன தடவ மாதிரி அழுகினத அள்ளிக்கிட்டு வராதீங்க" என்று மனைவி அனுப்பிய செய்தி பேருந்தில் ஒருவருக்கும் விளங்காது.

கண் தெரியாததை அவர் ஒருநாளும் மறைத்தவரில்லை. வெள்ளைக் குச்சியை நீட்டிக்கொண்டு நடு வீதியில் நடப்பவர். மறைத்தது போனைத்தான். போன் வாங்கிய புதிதில், லார்க்கின் பேருந்து நிலையத்தில், குச்சியை மடியில் வைத்துக்கொண்டு எல்லாரையும்போல் போனைக் கையில் பிடித்து உட்கார்ந்திருந்தார். பின்னால் ஒரு பெண்குரல் இன்னொரு பெண்ணிடம் சொன்னது: "கண்ணு தெரியாதவராம். போன் பாக்கறாரு பாரு."

"இப்பல்லாம் இது ஒரு பொழப்பு லா," என்றது மற்றக் குரல்.

விளக்கிச் சொல்லலாம் என்று எழுந்தார். எந்தப் பக்கம் திரும்பி விளக்குவது என்று கண்டுபிடிப்பதற்குள் அவர்களுடைய பேருந்து வந்துவிட்டது. கண்ணில்லாதவன் டிஷ்யூ விற்றால் ஊர் நம்புகிறது, பாட்டுப் பாடினால் நம்புகிறது, உடம்பு பிடித்துவிட்டால் நம்புகிறது. போன் வைத்திருந்தால் மட்டும் அவனுக்குக் கண் வந்துவிடுகிறது. அன்றிலிருந்து போன் பைக்குள் போயிற்று.

ஆனால் பேருந்துப் பயணிகளிடமிருந்து மறைத்ததெல்லாம் ஒத்திகை என்றுதான் சொல்ல வேண்டும். ரூபேந்திரன் உண்மையிலேயே பயந்து மறைத்தது ஒரே ஒருவரிடம். அவர் அமானுல்லா, தம்போய் கடைவரிசையில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர். அந்த மறைப்புக்குக் காரணம் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ரூபேந்திரன் யோங் பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய கண்ணில் கோளாறு இருப்பதை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் அல்ல, தோட்டத்து ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பேச்சியம்மாள். "இந்தப் பையனுக்குப் பொழுது சாஞ்சா கண்ணும் சாஞ்சிடுது" என்று அவர் அம்மாவிடம் சொன்னபோது ரூபேந்திரனுக்கு ஐந்து வயது. அந்தி மங்கினால் தடுமாறிய கண், இருபது வயதில் குழாய்க்குள்ளிருந்து பார்ப்பதுபோல் குறுகியது. முப்பத்தொன்றில் குழாயின் மறுவாயும் மூடிக்கொண்டது. இடையில் ஏழெட்டு ஆண்டுகள் கண் தெரிவதுபோல் நடித்திருக்கிறார். அதில் அவர் தேர்ந்தவர். கல்யாண வீட்டில் தூரத்தில் கையாட்டியவர்களுக்கெல்லாம், யாரென்று தெரியாமலே பதிலுக்குக் கையாட்டி நல்ல பெயர் வாங்கியவர். பிறகு கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் தொலைபேசி இயக்குநர் பயிற்சி, தம்போய்த் தொழிற்சாலை ஒன்றில் வேலை, யோகேஸ்வரியோடு கல்யாணம். யோகேஸ்வரி சிங்கப்பூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்குப் போகிறவர். விடியுமுன் பாலம் தாண்டிப் போனால் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் திரும்புவார். ரூபேந்திரனுக்கு மூன்று மணிக்கெல்லாம் வேலை முடிந்துவிடும். மூன்றுக்கும் எட்டுக்கும் நடுவில் ஒரு மனிதன் எங்கேயாவது உட்கார வேண்டுமல்லவா?

அப்படி ஒருநாள் உட்கார்ந்த இடம்தான் அமானுல்லாவின் கடை. 2003ஆம் ஆண்டு. மதியக் கூட்டம் ஓய்ந்து மாலைக் கூட்டம் தொடங்குவதற்கு முந்திய நாலு மணி. கடையில் மின்விசிறிக்குத்தான் வேலை. அமானுல்லா தமிழ்ப் பத்திரிகையை விரித்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தார். ராமநாதபுரக் கடற்கரையிலிருந்து பதினெட்டு வயதில் வந்தவர். அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தார். யாருக்காவது வாசித்துக் காட்டாமல் பத்திரிகை படிக்க முடியாத ஆள். அதுவரை வாசித்துக் காட்டப்பட்டவர்களுக்கெல்லாம் கண் இருந்தது. ஆகவே பாதியில் எழுந்து போனார்கள். கடைசியில் ஆண்டவன் பார்த்து ஒருவரை அனுப்பி வைத்திருக்கிறான்.

"பேப்பர் கேக்கறியா தம்பி?" என்றார்.

அவ்வளவுதான். இருபத்திரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன.

அந்த வாசிப்பை வாசிப்பு என்று சொல்வது பத்திரிகைக்கு மரியாதை. அமானுல்லாவுக்கு அது போதாது. ஒரு வரி வாசிப்பார், அதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுவார். அமைச்சர் ஒருவர் பாலர்பள்ளிக்கு நிதி தருவதாகச் சொன்னார் என்று இருந்தால், "சொன்னார்" என்ற இடத்தில் நிறுத்தி ஒரு மிடறு தேநீர் குடிப்பார். அந்த மிடற்றிலேயே செய்தியின் மதிப்பு தெரிந்துவிடும். சின்னப் பிள்ளைகள் இறந்த செய்தியை வாசிக்காமல் பக்கத்தைத் திருப்பிவிடுவார். தாள் திரும்பும் அவசரத்தில் ரூபேந்திரனுக்கு விஷயம் புரிந்துவிடும். பந்தாட்டத்தில் ஜொகூர் ஜெயித்தால் கோல்களின் எண்ணிக்கை ஒன்று கூடும். மழைச் செய்தியில் தண்ணீர் மட்டம் ஒரு சாண் ஏறும். நோன்பு மாதத்தில் இரண்டு பேரும் தேநீர் இல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். நோன்பாளியின் முன்னால் குடிக்க ரூபேந்திரனுக்கு மனம் வராது. அந்த மாதம் வாசிப்பில் சூடு கொஞ்சம் குறைந்திருக்கும், திட்டு கூடியிருக்கும்.

கடைசியாக மரண அறிவித்தல் பக்கம். ஜொகூர்த் தமிழர்கள் பத்திரிகையில் நிஜமாகவே படிக்கிற பக்கம் அதுதான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு ஆளுக்கொரு பட்டணமாகச் சிதறிப் போனவர்கள் ஒருவரையொருவர் மறுபடி சந்திப்பது அந்தக் கட்டங்களுக்குள்தான். பெயர், வயது, எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், பிள்ளைகள், மருமக்கள், எத்தனை மணிக்கு எடுப்பது எல்லாவற்றையும் அமானுல்லா குரலைத் தாழ்த்தி, ஒரு பெயரும் விடாமல் வாசிப்பார். தமக்குச் சம்பந்தமே இல்லாத தோட்டங்களின் பெயர்கள் அவருக்கு அத்துப்படி ஆனது அப்படித்தான். "ஒங்க யோங் பெங் ஆளு ஒருத்தர்ப்பா" என்று அவர் சொன்னால் ரூபேந்திரன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்காருவார்.

இப்படி நடந்துகொண்டிருந்ததில்தான் 2018இல் போன் வந்து சேர்ந்தது. யோகேஸ்வரி வாங்கிக் கொடுத்தது. முதல் வாரம் அது தகரத்தில் ஆணியால் எழுதும் குரலில் பேசியது; தமிழில் ஒவ்வொரு சொல்லையும் புதிதாகப் பார்த்துத் திகைப்பதுபோல் உச்சரித்தது. ஒரு மாதத்தில் ரூபேந்திரனுக்கு அது பழகிவிட்டது. ஒருநாள் காலை பேருந்தில், பைக்குள் விரலைத் தள்ளிக்கொண்டே போகும்போது, அன்றைய பத்திரிகையின் செய்திகள் முழுவதும் இணையத்தில் இருப்பதும், போன் அதைத் தலைப்பிலிருந்து கடைசி வரிவரை வாசிப்பதும் தெரிந்தது. அன்று இரவு அதைச் சொல்லும்போது அழுதார் என்று யோகேஸ்வரி சொல்வார். அவர் மறுப்பார். தூசி என்பார்.

அன்று மாலை நாலு மணிக்கு அமானுல்லா பத்திரிகையை விரித்து முதல் தலைப்பை வாசித்தபோது, "கேட்டாச்சு பாய்" என்று சொல்ல வாய் திறந்தார். சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. ஒரு வாரம் சொல்லாமல் இருந்துவிட்டால் எட்டாவது நாள் சொல்வதற்கு வழியே கிடையாது. ஏழு நாள் ஏன் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இப்படியே ஏழு ஆண்டுகள் போயின. காலையில் போனிடம் கேட்ட செய்தியை மாலையில் அமானுல்லாவிடம் முதன்முறையாகக் கேட்டார். வியக்க வேண்டிய இடத்தில் வியந்தார். "அலமாக், அப்படியா?" என்பதை இரண்டு மூன்று விதமாகச் சொல்லப் பழகிக்கொண்டார்.

யோசித்துப் பார்த்தால் வேடிக்கைதான். யாருடைய தயவும் இல்லாமல் வாழ வேண்டும் என்று பாதி ஆயுள் ஏங்கியவர் அவர். தயவு தேவைப்படாத நாள் வந்ததும், தேவைப்படுவதாக நடிக்க ஆரம்பித்துவிட்டார். போன் வந்தபின் பாயைத் தவிர யாரும் அவருக்கு எதையும் வாசித்துக் காட்டவில்லை. மருந்துப் புட்டி, மின்கட்டணச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் போனே பார்த்துக்கொண்டது. முன்பெல்லாம் ஒரு கல்யாணப் பத்திரிகை நாலு பேர் கைமாறும், நாலு பேரும் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி நாலு விதமாகச் சொல்வார்கள். இப்போது முகூர்த்த நேரம் மட்டும் சரியாகத் தெரிகிறது.

போனுக்குத் தெரியாத பக்கம் ஒன்று இருந்தது. கேமராவுக்கு முன்னால் பிடித்த தாளை வாசித்த அதற்குத் தன் திரைக்குள் வரும் படத்தை வாசிக்கத் தெரியாது; மரண அறிவித்தல்கள் இணையத்தில் படங்களாகத்தான் வந்தன. விரல் அங்கே போனால் போன் "படம்" என்று சொல்லும். அடுத்ததற்குப் போனால் மறுபடியும் "படம்". இறந்தவர்கள் எல்லாருக்கும் அது ஒரே பெயரை வைத்திருந்தது. ஆகவே மனச்சாட்சி உறுத்தும்போது, மரணப் பக்கத்துக்காகவாவது பாய் தேவைதானே என்று ரூபேந்திரன் சமாதானம் சொல்லிக்கொள்வார்.

இந்த ஆண்டு நோன்பு முடிந்த பிறகு செய்திகள் கெட ஆரம்பித்தன. முதலில் சின்னதாக. மூவாரில் ஒரு பாலத்தைப் பழுதுபார்க்க இரண்டு வாரம் மூடுகிறார்கள் என்று காலையில் போன் சொன்னது. மாலையில் அமானுல்லா, மூவாரில் புதுப் பாலம் கட்டப்போகிறார்கள் என்று வாசித்தார். பாலத்தின் அழகைப் பற்றியும் இரண்டு வரி சேர்த்தார். இன்னொரு நாள், பிரமுகர் ஒருவர் திருமண விருந்தில் கலந்துகொண்டார் என்றார். காலைச் செய்திப்படி அவர் கலந்துகொண்டது இறுதிச் சடங்கில். படத்தில் மாலை தெரிந்திருக்கிறது. எதற்கான மாலை என்பது கீழே சின்ன எழுத்தில் இருந்திருக்கிறது. மரணப் பக்கம் வந்தால், "இன்னிக்கி நம்மாளு யாரும் இல்லப்பா" என்று பத்திரிகையை மடித்துவிடுவார். ஏப்ரலில் யாரும் இல்லை. மே மாதத்திலும் இல்லை. ஜொகூரில் தமிழர்கள் சாவதை நிறுத்திவிட்டார்கள்.

ஜூன் தொடக்கத்தில் கோவிலுக்குப் போய்வந்த யோகேஸ்வரி ஒரு செய்தி கொண்டுவந்தார். பேச்சியம்மாள் இறந்து மூன்று வாரம் ஆகிவிட்டதாம், கருமாதியும் முடிந்துவிட்டதாம். பத்திரிகையில் போட்டிருந்தோமே, அவர் கேட்கவில்லையா என்று பேச்சியம்மாளின் மகன் கேட்டாராம். ரூபேந்திரனை முதன்முதலில் சரியாகப் பார்த்த மனுஷி அவர். ஒரு பிடி வாய்க்கரிசி போட முடியவில்லை.

துக்கம் மறுநாளே கோபமாயிற்று. பாய்க்கு அலுத்துவிட்டது, கண் தெரியாதவனுக்கு எதைச் சொன்னால் என்ன என்று படத்தைப் பார்த்துக் கதைகட்டுகிறார், மரணப் பக்கத்தை வாசிக்கச் சோம்பல். இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒருநாளும் அவரிடம் வராத ஒரு சந்தேகம் இப்போது வந்தது: எத்தனை ஆண்டுகளாக இந்த மனிதர் தம்மை வைத்துப் பொழுதுபோக்கிக்கொண்டிருக்கிறார்? கோபத்தைக் காட்டவும் வழியில்லை. பொய் என்று எப்படித் தெரியும் என்று பாய் கேட்டால் பையைத் திறக்க வேண்டும். ஆகவே தினமும் போய் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "அலமாக், அப்படியா?" என்று சொல்லிவிட்டு வந்தார். ஜூன் போயிற்று. ஜூலையில் பாதி போயிற்று.

ஒரு புதன்கிழமை, மழை. தகரக் கூரையில் தண்ணீர் கொட்டிய சத்தத்தில் அமானுல்லா சொன்னது சரியாகக் கேட்கவில்லை. ரூபேந்திரன் முன்னால் சாய்ந்து காதைக் கொடுத்தார். அப்போதுதான் கவனித்தார். குரல் பாயின் வாயிலிருந்து நேராக வரவில்லை. ஏதோ ஒன்றில் மோதித் திரும்பி, டப்பாவுக்குள் பேசுவதுபோல் மூச்சடைத்து வந்தது. தாள். மூக்கு நுனிக்கு அருகில் தாள். பக்கம் திரும்பியது, குரல் இப்போது பக்கவாட்டில் போனது. பாய் தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்க்கிறார். பிறகு மேசைமேல் உள்ளங்கை தட்டித் தட்டி நகர்ந்தது. கோப்பையைத் தேடுகிற கை. கோப்பையைத் தொட்டதும், தேடவேயில்லை என்பதுபோல் சட்டென்று தூக்கியது.

இந்தத் தட்டலும் இந்தச் சட்டென்ற தூக்கலும் ரூபேந்திரனுடையவை. இருபத்தைந்து வயதில் அவர் செய்தவை. உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாமல் போனாலும் தமக்குத் தெரிந்திருக்க வேண்டியது, நாலு மாதமாக ஒரு கையெட்டும் தூரத்தில் நடந்திருக்கிறது. கோபத்தில் இருந்ததால் அவருக்குக் கேட்கவில்லை. அமானுல்லாவுக்குப் பதினைந்து ஆண்டுகளாக இனிப்புநீர் வியாதி. கடைக்காரர்; மருந்து சாப்பிடுவார், தேநீரில் சீனியும் சாப்பிடுவார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது யோகேஸ்வரியிடம் சொன்னார். சோறு போட்டுக்கொண்டே கேட்ட யோகேஸ்வரி, பாயின் மனைவி மஹ்மூதாவிடம் சொல்லிவிடலாமே என்றார். மஹ்மூதா பேரப்பிள்ளைப் பிறப்புக்காக ஊருக்குப் போயிருக்கிறார். மகள் ஷஹீராவோ கோலாலம்பூரில். அதோடு, ஆணின் குறையை அவன் வீட்டில் போய்ச் சொல்வது கோள் என்பது ரூபேந்திரனின் கட்சி.

"அப்ப நேரா அவர்கிட்டயே சொல்லுங்க."

"கண்ணு நல்லாத்தான் இருக்குன்னுவாரு. இப்பதான் வாசிச்சேனேன்னுவாரு."

"பொய்யா வாசிச்சீங்கன்னு சொல்லுங்க."

"எப்படித் தெரியும்னு கேப்பாரே."

யோகேஸ்வரி கரண்டியைக் கீழே வைத்தார். "ஏழு வருஷமா அந்தப் போன எடுத்து மறைச்சு மறைச்சு என்னா கண்டீங்க? கள்ளப் புருஷன் மாதிரி பைக்குள்ள கைய விட்டுக்கிட்டு."

சொன்னால் என்ன போகும் என்பது ரூபேந்திரனுக்குத் தெரியும். நாலு மணி போகும். ஏழு ஆண்டுகளாக உன் வாசிப்பு எனக்குத் தேவையில்லை என்று ஒரு மனிதனின் முகத்துக்கு நேராகச் சொன்ன பிறகு அவன் மறுநாள் பத்திரிகையை விரிக்க மாட்டான். சொல்லாவிட்டால் என்ன போகும் என்பதும் தெரியும். அது எப்படிப் போகும், எந்த வரிசையில் போகும், கடைசியில் எது மிஞ்சும் என்பதை அவரைவிட யாருக்குத் தெரியும்?

மறுநாள் முதலில் சுற்றுவழியில் போய்ப் பார்த்தார். நம் வயதில் கண்ணைச் சோதித்துக்கொள்வது நல்லது, ஜி.எச். கண் பிரிவில் தமக்குத் தெரிந்த தாதி இருக்கிறார் என்றார். அமானுல்லா சிரித்தார். ஊருக்கே பேப்பர் வாசிக்கிறவனுக்குக் கண் சோதனையா என்றார். பத்திரிகையை விரித்து, பத்துபகாட்டில் வெள்ளம் வடிந்து மக்கள் வீடு திரும்பினார்கள் என்று கணீரென்று வாசித்தார். அன்றைய பத்திரிகையில் வெள்ளமே இல்லை. வறட்சியில் குடிநீர் வெட்டு.

ரூபேந்திரன் பையைத் திறந்தார். போனை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தார். கடையில் இரண்டு மேசைகளில் ஆட்கள் இருந்தார்கள்; ஒன்றில் தமிழ் கேட்டது, ஒன்றில் மலாய். ஒலிபெருக்கியைப் போட்டால் ஒரு நொடியில் முடிந்துவிடும். ஆனால் நாலு பேர் நடுவில் ஒரு மனிதனுடைய பொய்யை இன்னொரு குரல் திருத்துவது என்றால், அதற்குப் பெயர் வேறு. தொப்பியைக் கழற்றினார். கன்னத்தில் இருந்த கருவியைக் கழற்றி, மேசைக்கு மேலாகக் கையை நீட்டி, அமானுல்லாவின் காதையும் கன்னத்தையும் தடவிக் கண்டுபிடித்து மாட்டிவிட்டார். பாய்க்கு வியப்பில் தடுக்கக்கூடத் தோன்றவில்லை. பிறகு விரலை ஒரு தள்ளுத் தள்ளினார்.

"என்னாப்பா இது," என்றார் அமானுல்லா, "சீன ரேடியோவா?"

வேகம். ரூபேந்திரன் அவசரமாக வேகத்தைக் குறைத்தார், இன்னும் குறைத்தார், மனிதர்கள் பேசும் அளவுக்குக் கொண்டுவந்து, மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார். இப்போது அவருக்கு எதுவும் கேட்கவில்லை. எந்த வரியில் போய்க்கொண்டிருக்கிறது என்றும் தெரியவில்லை. எதிரில் ஒரு மூச்சு மட்டும் கேட்டது. அது முதலில் வேடிக்கை பார்க்கும் மூச்சாக இருந்தது. குடிநீர் வெட்டு வந்திருக்க வேண்டும். மூச்சு நின்று, பிறகு மெல்ல வெளியே வந்தது. ஒரு நிமிடத்துக்குமேல் ஆயிற்று. கருவி மேசைமேல் வைக்கப்படும் சத்தம்.

"இது எத்தன வருஷமா ஒன்கிட்ட இருக்கு?"

"ஏழு வருஷம், பாய்."

"அப்ப நான் வாசிச்சதெல்லாம்?"

"காலையிலயே கேட்டதுதான்."

"பின்ன எதுக்குய்யா டெய்லி வந்து ஒக்காந்தே?"

"இது வாசிக்கும்," என்றார் ரூபேந்திரன். "திட்டாது."

அமானுல்லா சிரிக்கவில்லை. பக்கத்து மேசையில் யாரோ தேநீர் கேட்டார்கள், அவர் எழவில்லை. ரூபேந்திரன் குரலை இன்னும் தாழ்த்தி, எழுத்து எப்போதிலிருந்து தெரியவில்லை என்று கேட்டார். "நோன்புக்கு முந்தி," என்றார் அமானுல்லா. "எடது கண்ணுல கருப்பு கருப்பா நூலு மாதிரி எறங்குச்சு. போயிரும்னு இருந்தேன்." பிறகு எழுந்து, நாற்காலியில் இடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் நாலு மணிக்கு மேசையில் பத்திரிகை இல்லை. அமானுல்லாவும் இல்லை. தேநீர் வந்தது, சூடாகவும் சரியாகவும் வந்தது, அவ்வளவுதான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் லீவாக இருந்தும் ரூபேந்திரன் போய் உட்கார்ந்தார். இனி வர வேண்டாம் என்று யாரும் சொல்லாதவரைக்கும் வருவது என்று முடிவு செய்திருந்தார். போன் பையிலேயே இருந்தது; அதைத் தொட அவருக்கு மனமில்லை. அந்த நாட்களில் அவருக்குக் கேட்டதெல்லாம் பழைய நாலு மணிகள்தான்: ஒரு சாண் கூடிய வெள்ளம், ஒரு கோல் கூடிய ஆட்டம், அவசரமாகத் திரும்பிய ஒரு பக்கம். போன் ஏழு ஆண்டுகளில் வாசித்த ஆயிரம் செய்திகளில் ஒன்றுகூட எந்தக் குரலில் வந்தது என்று நினைவில் இல்லை. எல்லாம் ஒரே குரல்.

திங்கட்கிழமை எதிர் நாற்காலி இழுபட்டது.

"புதன்கெழம எட்டு மணிக்குக் கூப்புட்டிருக்காங்க," என்றார் அமானுல்லா. "அந்தத் தாதிய எனக்குத் தெரியாது. நீ வரணும்."

ரூபேந்திரன் புதனன்று வேலைக்கு லீவு போட்டார். கண் பிரிவில் பாதிப் பேர் அவரைப் பார்த்துவிட்டு அவர்தான் நோயாளி என்று நினைத்தார்கள். அவரைத் தெரியாத வேறொரு தாதி அவர் கையில் அட்டையைக் கொடுத்து அவரை உட்கார வைத்தாள். "ஆளு நான் இல்லீங்கம்மா, இவரு," என்று அவர் பாயைக் காட்டினார், ஏறக்குறைய சரியான பக்கமாக. கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள், அரை மணி காக்க வைத்தார்கள், மறுபடி விட்டார்கள். டாக்டர் இளம்பெண். தமிழில் பேசினார். இனிப்புநீரால் கண்ணுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது. வலது கண்ணுக்கு லேசர் வைத்தால் பெரும்பகுதி தப்பும். இடது கண்ணில் நிழல்தான் மிஞ்சும், அதற்குமேல் வாக்குக் கொடுக்க முடியாது என்றார். பிறகு, டாக்டர்கள் எப்போதும் சொல்கிற ஒரு வாக்கியத்தை அவரும் சொன்னார்: "ரெண்டு மாசத்துக்கு முன்னாடி வந்திருந்தாக்கூட ரெண்டு கண்ணையும் புடிச்சிருக்கலாம்."

இருவரும் வெளியே வந்தார்கள். நண்பகல். மருந்தில் விரிந்துபோன கண்ணால் அமானுல்லாவுக்கு வெயிலில் இமையே திறக்க முடியவில்லை. ஷஹீரா கோலாலம்பூரிலிருந்து காடியில் வந்துகொண்டிருந்தாள். யோங் பெங்கைத் தாண்டிவிட்டதாகச் சொல்லியிருந்தாள். காடி நிறுத்துமிடத்து ஓரத்தில் ஒரு மரத்தடிப் பெஞ்சு இருப்பது ரூபேந்திரனுக்குத் தெரியும். பாய் அவருடைய தோளைப் பிடித்துத் தள்ளினார். தோளைப் பிடிக்கக் கூடாது, முழங்கைக்கு மேல் பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வர வேண்டும் என்று ரூபேந்திரன் சொல்லிக்கொடுத்தார். குச்சி முன்னால் தட்டிக்கொண்டு போயிற்று. பெஞ்சில் உட்கார்ந்த பிறகு, பாய் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும் என்று ரூபேந்திரனுக்குத் தோன்றியது.

"பாய், நீங்க மாத்தி வாசிக்கறது ஏப்ரல்லயே எனக்குத் தெரியும். வேணும்னு பண்றீங்கன்னு நெனச்சேன். பேச்சியம்மா செத்ததையும் மறச்சிட்டீங்கன்னு கோவம். கோவத்துல ரெண்டு மாசம் பேசாம இருந்துட்டேன்."

பெஞ்சின் பலகை ஒருமுறை முனகியது. எந்த இரண்டு மாதம் என்று அமானுல்லாவுக்கும் கணக்குப் போடத் தெரியும்.

"அந்தம்மா பேரு அன்னிக்கிப் பேப்பர்ல இருந்துச்சாப்பா?" என்றார்.

"இருந்துச்சாம்."

"அல்லா," என்றார். வேறு எதுவும் சொல்லத் தெரியாததுபோல் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். மருந்து வடிகிறது என்றார். வண்டிகள் வருவதும் போவதுமாக இருந்தன. பிறகு குரல் கொஞ்சம் பழைய குரலாக வந்தது. "பொய்யின்னு தெரிஞ்சே கேட்டியே. ஒண்ணாவது நல்லாருந்துச்சா?"

ரூபேந்திரன் யோசித்தார்.

"யோங் பெங்குக்கு ரயில் வருதுன்னு ஒருநாள் வாசிச்சீங்க. ஸ்டேஷனுக்கு நெலம் அளக்கறாங்கன்னு."

"அதுவா? ஏதோ ஆளுங்க கொடி நட்டுக்கிட்டு நிக்கிற படம். என்னாது அது, நெசத்துல?"

"சாக்கடை வெட்டறாங்க."

அமானுல்லா சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பில் இருமல் வந்தது.

"அன்னிக்கி வீட்டுக்குப் போயி யோகேஸ்கிட்ட சொன்னேன், நம்மூருக்கு ரயில் வருதாம்னு," என்றார் ரூபேந்திரன்.

"பொய்யின்னு தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான். வாயால ஒருதடவ சொல்லிப் பாக்கலாம்னு இருந்துச்சு."

அமானுல்லாவின் கை இன்னும் அவருடைய முழங்கைக்கு மேலேயே இருந்தது. உட்கார்ந்த பிறகு பிடித்திருக்க வேண்டியதில்லை என்பதை ரூபேந்திரன் அவருக்குச் சொல்லவில்லை.